சினைமாட்டுக் கணக்கு

1989 ஏப்ரலில் ஓர் இரவு. எங்கள் வீட்டுக் கூடத்தில் பேரேடுகளை விரித்துப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் சேரவில்லை. 270 ரூபாய் இடித்தது.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு அப்பா கணக்குப்பிள்ளை. அதுவரை அந்த மண்டியில் சித்திரை ஒன்றாம் தேதிதான் புதுக்கணக்கு. சிலர் தீபாவளிக்குப் போடுவார்கள். அவரவர் வழக்கம் அவரவருக்கு. வருமான வரிச் சட்டம் மாறி, இனி எல்லோரும் மார்ச் 31இல் கணக்கை முடிக்க வேண்டும் என்று ஆன முதல் வருஷம் அது. பழக்கமில்லாத தேதியில் கணக்கை முடித்த அலுப்பு அப்பாவுக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து சும்மா இருந்த என்னைக் கூட்டிச் சரிபார்க்கக் கூப்பிட்டுக்கொண்டார்.

270ஐ முதலில் இரண்டால் வகுத்தார். 135. "நூத்தி முப்பத்தஞ்சுன்னு ஒரு தொகை பக்கம் மாறி ஏறியிருந்தா இப்படி இடிக்கும் பாப்பா. தேடு" என்றார். தேடினேன், இல்லை. அடுத்து ஒன்பதால் வகுத்தார். மிச்சமில்லாமல் வகுபட்டது. அப்பாவின் முகம் தெளிந்தது. "எண்ணு இடம் மாறியிருக்கு. நூறும் பத்தும் மூணு வித்தியாசத்துல இருக்கிற தொகையா பாரு." அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சிட்டையில் 1,690, பேரேட்டில் 1,960. ஆறும் ஒன்பதும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதுமே ஒன்பதால் வகுபடும் என்பதற்குக் காரணம் உண்டு என்று பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு, இரண்டு பக்கமும் சேர்ந்த சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். அப்பா எழவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், சிட்டையையும் பேரேட்டையும் ஒவ்வொரு வரியாக மறுபடி ஒத்துப்பார்க்கத் தொடங்கினார்.

"அதான் டேலி ஆயிருச்சேப்பா?"

"டேலி ஆனா? எப்படி வந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

தூக்கக் கலக்கத்தில் அது கிழவர்களின் பிடிவாதமாகத்தான் தோன்றியது. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷமும், சி.ஏ. ஃபைனலில் மூன்று அட்டெம்ப்ட்டும் தேவைப்பட்டன.

*

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழி. கணக்குப்பதிவியல் பாடத்தில் எல்லாவற்றுக்கும் அழகான தமிழ்ச் சொல் இருந்தது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம், வாராக்கடன். கடன்காரர்கள் மொத்தமாகப் 'பற்பல கடனாளிகள்'. ஒரு கடையின் குட்வில்லுக்குப் பெயர் 'நற்பெயர்'. அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கடையை விலைக்கு வாங்குகிறவர் சரக்குக்கும் கட்டடத்துக்கும் மேலே ஏன் பணம் தருகிறார் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும்.

பி.காம். சேர்ந்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. வகுப்பில் குட்வில் என்று கேட்டால் மனசுக்குள் நற்பெயர் என்று மாற்றி, யோசித்து, மறுபடி குட்வில் ஆக்கி எழுத வேண்டும். போகும்போது ஒரு சுங்கச்சாவடி, வரும்போது ஒரு சுங்கச்சாவடி. எண்களுக்கு அந்தச் சாவடி கிடையாது. அதனால் எண்களை நம்பினேன். கணக்கை மனசுக்குள்ளேயே போட்டு விடையை மட்டும் எழுதுவதில் கெட்டிக்காரி ஆனேன். சொற்களை எவ்வளவு குறைக்கிறேனோ அவ்வளவு பிழை குறையும் என்பது என் எண்ணம். கல்லூரியில் அது செல்லுபடியானது.

சி.ஏ. படிக்கச் சொன்னது மண்டி முதலாளி அண்ணாச்சிதான். வருஷத்துக்கு ஒருமுறை வரவுசெலவைப் பார்க்க மதுரையிலிருந்து வரும் ஆடிட்டருக்கு மண்டியில் தனி நாற்காலி போடுவார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று பேசுகிற ஒரே ஆள் அவர்தான். "ஒம் மகள ஆடிட்டருக்குப் படிக்க வையி கணக்கு. அந்த நாக்காலியில அவ வந்து ஒக்காரட்டும்" என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுவாரமே விண்ணப்பத்துக்கு என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

சி.ஏ. என்பது கல்லூரிக்குப் போய்ப் படிக்கிற படிப்பல்ல என்பதே எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. 1949இல் நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டத்தின் கீழ் உருவான கழகம் நடத்துவது. பாடப்புத்தகங்கள் தபாலில் கட்டுக்கட்டாக வரும். வாத்தியார் கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று வருஷம் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஸ். தச்சுப் பட்டறையில் பையனைச் சேர்த்துவிடுவதைப் போன்றதுதான். ஒப்பந்தப் பத்திரம் மட்டும் கூடுதல். ஸ்டைபெண்ட் என்று ஒரு தொகை தருவார்கள். அது மத்தியானச் சாப்பாட்டுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் சரியாக இருந்தால் அதிர்ஷ்டம்.

*

1994இல் மதுரை மேல மாசி வீதியில் ஒரு மாடி ஆபீஸில் சேர்ந்தேன். விருதுநகரிலிருந்து காலை பாசஞ்சர். கள்ளிக்குடி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை. திருமங்கலம் வரை கம்பெனிச் சட்டம், அதற்குப் பிறகு கூட்டத்தில் புத்தகத்தைப் பிரிக்க முடியாது என்பதால் செக்ஷன் எண்களை மனப்பாடமாக ஓட்டிப் பார்ப்பது. கடனோ டெபாசிட்டோ இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற, வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவை முதன்முதலாகப் படித்ததும் திருப்பரங்குன்றம் தாண்டும்போதுதான். மண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை கைமாற்று நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்து ரயிலிலேயே எனக்கு வியர்த்தது.

ஆபீஸில் எங்களுக்கு உண்மையான வாத்தியார் பிரின்ஸிபாலான ஆடிட்டர் அல்ல, சீனியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் சீனியர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இன்டர் முடித்துவிட்டு ஃபைனலைப் பல முறை எழுதி, ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதே ஆபீஸில் சம்பளத்துக்குத் தங்கிவிட்டவர். எந்த ஊர் ஆடிட்டர் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். கையெழுத்துப் போட முடியாது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் அவரைக் கேட்காமல் போட மாட்டார்.

முதல் மூன்று மாதம் எனக்கு டிக் அடிக்கிற வேலை. கேஷ் புக்கில் ஒரு வரி, ஃபைலில் ஒரு வவுச்சர். தேதி, தொகை, யார் பெயர், யார் ஒப்புதல், ரெவின்யூ ஸ்டாம்ப். சரியென்றால் பச்சைப் பென்சிலில் ஒரு டிக். ஒரு நாளைக்கு நானூறு டிக் அடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். சீனியர் ஒரு வவுச்சரை உருவி எடுத்தார். லாரி வாடகை. எல்லாமே சரியாக இருந்தது.

"இது எங்கிருந்து எங்க போன லாரி?"

வவுச்சரில் இல்லை.

"என்ன சரக்கு?"

அதுவும் இல்லை.

"அப்ப எதுக்கும்மா டிக் போட்ட? தொகை ஒத்துப்போச்சுன்னா? தொகையை ஒத்துப்போக வெக்கிறது ரொம்பச் சுலபம்மா."

வெளியூர் ஆடிட்டுக்கு என்னை அனுப்ப மாட்டார்கள். பொம்பளைப் பிள்ளையை எங்கே தங்க வைப்பது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என்னோடு சேர்ந்த பையன்கள் பாங்க் ஆடிட், மில் ஆடிட் என்று பறந்துகொண்டிருந்தபோது நான் மேல மாசி வீதியில் டிக் அடித்தேன். சீனியர்தான் எனக்காகப் பேசி, காலையில் போய் இரவு திரும்பலாம் என்று கணக்குக் காட்டி, ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலைக்குச் சரக்கிருப்பு எடுக்கக் கூட்டிப்போனார். 1996 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை.

ஒரு பேல் 170 கிலோ. குடோனில் பஞ்சு பேல்களைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். மூக்கில் பஞ்சுத் தூசி ஏறித் தும்மிக்கொண்டே எண்ணினேன். நீளத்தில் பதின்மூன்று, ஆழத்தில் மூன்று, உயரத்தில் ஆறு. 234 என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர் புக்கில் 230 இருந்தது. நாலு பேல் கணக்கில் வரவில்லை! என் முதல் வேட்டை. ஸ்டோர் கீப்பரைப் பார்த்தேன். வயசானவர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சீனியர் என் தாளைப் பார்த்தார். "எரநூத்து முப்பத்தி நாலு எப்படி வந்துச்சு?"

சொன்னேன்.

"பெருக்கினியா, எண்ணினியா?"

ஏணி போட்டு ஏறினேன். மேல் அடுக்கில், பின்னால் சுவரை ஒட்டிய வரிசையில், நாலு பேல் அளவுக்குப் பள்ளம். வெள்ளிக்கிழமை மிக்ஸிங்குக்குப் போனவை. புத்தகம்தான் சரி. நான் முன்வரிசையை மட்டும் பார்த்துப் பெருக்கியிருந்தேன். இறங்கி வந்து அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சீனியர் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கைச் சொன்னார். ஆடிட்டிங் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிற வழக்கு. 1896, இங்கிலாந்து. ஒரு மில்லின் மேனேஜர் வருஷக்கணக்காகச் சரக்கிருப்பைக் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றையே நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது நம்பியது குற்றமில்லை, ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்றது நீதிமன்றம். பரீட்சையில் இந்த ஒரு வரியை எழுதினாலே மார்க் வரும். "ஆனா அதோட கதை முடியலம்மா" என்றார். 1938இல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியது அம்பலமானது. அதற்குப் பிறகுதான் ஆடிட்டர் நேரில் போய்ச் சரக்கெடுப்பைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அழுத்தமாக வேரூன்றியது. "அதனாலதான் இன்னிக்கு நீ ஏணி ஏறுன."

பாடமும் வேலையும் ஒன்றுதான் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்தப் பஸ்ஸில்தான்.

*

ஃபைனலில் அப்போது எட்டுப் பேப்பர், இரண்டு குரூப். ஒவ்வொரு பேப்பரிலும் நூற்றுக்கு நாற்பது வேண்டும். அது போதாது, குரூப்பின் மொத்தத்தில் பாதி, அதாவது நானூறுக்கு இருநூறும் வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஐம்பது மார்க் எடுத்தால் போதுமாமே என்று அத்தை சிரித்தாள். அந்த ஐம்பதுக்காக ஐந்தாறு வருஷம் தலையைக் குனிந்தவர்களை அவளுக்குத் தெரியாது.

1997 நவம்பரில் எழுதினேன். இரண்டாவது குரூப் கிடைத்துவிட்டது. முதல் குரூப்பில் அக்கவுண்ட்ஸ் 45, மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் 42, ஆடிட்டிங் 57, கம்பெனிச் சட்டம் 53. கூட்டினால் 197. மூன்று மார்க்கில் நான்கு பேப்பரும் போயின.

மூன்று மார்க்கைவிட என்னைக் குடைந்தது அந்த 45தான். அக்கவுண்ட்ஸில் ஒரு பெரிய கணக்கு, ஹோல்டிங் கம்பெனி. தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி இரண்டின் கணக்கையும் சேர்த்து ஒரே பேலன்ஸ் ஷீட் ஆக்க வேண்டும். என் பேலன்ஸ் ஷீட் பைசா பிசகாமல் டேலி ஆகியிருந்தது. ஹாலில் இருந்து வெளியே வந்து, டேலி ஆகாத நாலு பேருக்கு ஆறுதல்கூடச் சொல்லியிருந்தேன்.

சீனியரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். எண்களை இங்கே சுருக்கித் தருகிறேன். தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனியின் எண்பது சதவீதப் பங்குகளை அக்டோபர் 1 அன்று நான்கு லட்சத்துக்கு வாங்குகிறது. துணைக் கம்பெனியின் பங்கு மூலதனம் மூன்று லட்சம். வருஷ ஆரம்பத்தில் லாப இருப்பு 60,000. அந்த வருஷ லாபம் 80,000. நான் அந்த எண்பதாயிரத்தையும் வாங்கிய பிறகு சம்பாதித்ததாகவே வைத்துக்கொண்டேன். அதனால் குட்வில் 1,12,000 என்றும், தாய்க்குச் சேர வேண்டிய லாபம் 64,000 என்றும் வந்தது. செப்டம்பர் வரையிலான அரை வருஷ லாபம் 40,000 வாங்குவதற்கு முந்தையது. அதைப் பிரித்திருந்தால் குட்வில் 80,000, லாபம் 32,000.

"ஆனா சார், டேலி ஆச்சே?"

"ஆகத்தானே செய்யும். இங்கிட்டு முப்பத்திரெண்டாயிரம் கூட, அங்கிட்டு முப்பத்திரெண்டாயிரம் கூட. தராசு சமமாத்தானே நிக்கும்?"

குட்வில்லும் லாபமும் ஆளுக்கொரு பக்கம் ஒரே அளவில் உப்பியிருந்தன. பள்ளிக்கூடத்தில் இதற்கு 'ஈடுசெய் பிழை' மாதிரி ஏதோ பெயர் படித்த ஞாபகம். இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று ஐந்து மார்க் கேள்விக்கு எழுதியதும் நினைவுக்கு வந்தது. அப்பாவின் கூடத்தில் அன்றிரவு கேட்ட கேள்வியும் சேர்ந்து நினைவுக்கு வந்தது.

சீனியர் கேள்வித்தாளின் தலைப்பைக் காட்டினார். குறிப்புகளோடு குறிப்பாக அச்சடித்திருந்தார்கள்: வொர்க்கிங் நோட்ஸ் விடையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு பரீட்சையிலும் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை.

"நீ வொர்க்கிங்க எங்க போட்ட?"

கடைசிப் பக்கத்தில், பென்சிலில். போட்டு முடித்ததும் குறுக்குக் கோடு அடித்துவிட்டேன்.

"பாரு. திருத்துறவருக்கு ஒன் பேப்பர்ல என்ன தெரியும்? ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் தப்பு, அறுபத்தி நாலாயிரம் தப்பு. அவ்வளவுதான். நீ முறை தெரிஞ்சு ஒரு எடத்துல சறுக்குனியா, இல்ல முறையே தெரியாதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? எங்க சறுக்குனன்னு காட்டுனாத்தான் அதுவரைக்கும் வந்ததுக்கு மார்க் போட முடியும்."

1998 மே மாதம் வொர்க்கிங் நோட்ஸோடு எழுதினேன். அக்கவுண்ட்ஸ் 56 ஆனது. ஆடிட்டிங் 61. மொத்தம் 209, இருநூறைத் தாண்டிவிட்டது. ஆனால் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கில் 38. நாற்பதுக்கு இரண்டு குறைவு. மொத்தம் சரியாக இருந்தபோது தனித்தனி இடித்தது; தனித்தனி சரியாக இருந்தபோது மொத்தம் இடித்தது. ஒரே ஆறுதல், அறுபதுக்கு மேல் வாங்கிய ஆடிட்டிங்குக்கு எக்ஸம்ப்ஷன். அடுத்த மூன்று அட்டெம்ப்ட்டுக்கு அதை மறுபடி எழுத வேண்டாம்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. தெருவில் ஒவ்வொரு வரன் வரும்போதும் 'பொண்ணு என்ன படிச்சிருக்கு' என்ற கேள்விக்கு அம்மா 'ஆடிட்டருக்குப் படிச்சிக்கிட்டிருக்கா' என்பாள். அந்தப் 'படிச்சிக்கிட்டிருக்கா' நாலு வருஷமாக அப்படியே இருந்தது.

*

மூன்றாவது முறைக்கு ஆறு மாதம் இருந்தது. காலை நாலரைக்கு எழுந்து கூடத்திலேயே உட்காருவேன். சமையலறையில் அம்மா விளக்குப் போடுவதற்குள் ஒரு பெரிய கணக்கு முடிந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், நூறு மார்க். ஒரு மார்க்குக்கு நூற்றெட்டு நொடி. பதினாறு மார்க் கணக்கு என்றால் இருபத்தொன்பது நிமிஷம்கூட முழுதாகக் கிடையாது. அப்பாவின் பழைய அலாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, தாளின் வலது பக்கம் கோடு போட்டு, நோட் 1, நோட் 2 என்று எண் கொடுத்து, பேலன்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் அது எந்த நோட்டிலிருந்து வந்தது என்று எழுதினேன். முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. நாலாவது மாதம் இருபத்தேழு. மனசில் போட்டதைக் கையில் எழுத நேரமாகும் என்று பயந்ததெல்லாம் வீண். எழுதும்போதுதான் தவறு கண்ணில் படுகிறது. பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் எம் பிளஸ் அழுத்தி அழுத்தி அந்தப் பொத்தானின் எழுத்தே அழிந்துபோனது.

ஆனாலும் ஹோல்டிங் கம்பெனிக் கணக்கில் அந்த ஒரு இடம் மட்டும் மறுபடி மறுபடி சறுக்கியது. விதி தெரியும். வாங்கும் முன் வந்த லாபம் மூலதனத்தோடு சேரும், வாங்கிய பின் வந்தது வருமானம். ஏன் என்று யாரும் எனக்குத் தெரிந்த மொழியில் சொல்லவில்லை. அவசரத்தில், 'ஏன்' தெரியாத விதிதான் முதலில் கைவிடுகிறது.

ஒரு விடியற்காலை அப்பா பல் தேய்க்கப் போகிற வழியில் நின்று, "என்ன பாப்பா, அதே எடத்துலயே நிக்கிற?" என்றார். ஆங்கிலத் தாள், ஆனால் மகள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தமிழில் சொன்னேன். ஒரு பெரிய கடை, ஒரு சின்னக் கடையை வருஷ நடுவில் வாங்குகிறது. சின்னக் கடை அந்த வருஷம் எண்பதாயிரம் சம்பாதிக்கிறது. அதில் எவ்வளவு பெரிய கடையின் லாபம்?

"வாங்குறதுக்கு முந்தி சம்பாதிச்சது எப்படி நம்ம லாபமாகும்? அதுக்கும் சேத்துத்தான வெல குடுத்திருக்கு?" என்றார். பிறகு, அவருடைய அப்பாவின் ஊர் நினைவு வந்ததோ என்னவோ, சொன்னார்: "சினை மாட்ட வாங்குனா, வயித்துல இருக்கிற கன்னுக்கும் சேத்துத்தான் வெல. மறுமாசம் கன்னு போட்டா, 'எனக்கு ஒரு கன்னு லாபம்'னு சொல்லுவியா? அது குடுத்த காசு. அடுத்த ஈத்துக் கன்னுதான் லாபம்."

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு வருஷம் நான் சுங்கச்சாவடியில் நிறுத்திவைத்திருந்த சரக்கு அன்றைக்குத்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதலாம். புரிந்துகொள்வதை எந்த மொழியிலும் செய்யலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு விதிக்கும் ஒரு மண்டி உதாரணம் தேடினேன். வாராக்கடனுக்கு ஒதுக்கீடு, எலி தின்னப்போகும் பருப்புக்கு முன்கூட்டியே கழிப்பது. மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கில் முதலீட்டு முடிவுகளைப் பற்றிய பாடம் முழுக்க, இன்றைக்குக் கையில் வரும் நூறு ரூபாய்க்கும் அடுத்த தீபாவளிக்கு வருவதாகச் சொல்லும் நூறு ரூபாய்க்கும் அண்ணாச்சி எவ்வளவு வட்டி பார்ப்பார் என்பதுதான். 38 வாங்கிய பேப்பர் அது.

*

1998 நவம்பர் பரீட்சை முடிந்த அன்று மாலை கேள்வித்தாளோடு ஆபீஸுக்குப் போனேன். என் விடைகளைப் பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். சீனியர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அக்கவுண்ட்ஸ் பெரிய கணக்குக்கு அவர் போட்ட விடை என் மேஜையில் இருந்தது. வலது பக்கம் கோடு, நோட் 1, நோட் 2, அச்சு மாதிரி. இருபது வருஷமாக எழுதாத பரீட்சையை ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அவருடைய விடையும் என் விடையும் வேறு வேறு. இரண்டுமே டேலி ஆகியிருந்தன.

ஹோல்டிங் கணக்கு அல்ல. அதில் இந்த முறை சறுக்கவில்லை. கம்பெனிகளை இணைக்கிற கணக்கு. மூன்றாவது நோட்டில், கொடுக்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கையில், ஒரு சரிக்கட்டலை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தொகையும் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருந்தன.

"உன்னோடது தப்பு" என்றார்.

தொண்டை அடைத்தது.

"ஆனா மூணாவது நோட்டுல தப்புன்னு ஒன் தாளே சொல்லுது. ஒண்ணும் ரெண்டும் சரி. நாலும் அஞ்சும் முறை சரி. போ, போயி வேலையைப் பாரு."

இரண்டு மாதம் வேலையைத்தான் பார்த்தேன். ஜனவரியில் ரிசல்ட் வந்தது. பிரின்ஸிபாலின் நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து போனில் எண்ணைப் படித்தார். ரிசீவர் கை மாறி கை மாறி என்னிடம் வந்தபோது வாழ்த்து முடிந்து லைன் கட்டாகியிருந்தது. சில நாளில் மார்க் ஷீட் தபாலில் வந்தது. அக்கவுண்ட்ஸ் 54. தப்பான விடைக்குக் கிடைத்த ஐம்பத்து நாலு. சரியான விடையைப் போட்ட மனிதர் எதிர் மேஜையில் உட்கார்ந்து வவுச்சர் ஃபைலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மார்க் ஷீட்டை முதலில் அவரிடம்தான் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்த்தார். தாளின் மடிப்பை நகத்தால் நீவிவிட்டுத் திருப்பித் தந்தார். "பிரின்ஸிபால் ரூமுக்குப் போறப்ப இனி கதவத் தட்ட வேணாம்" என்றார். நான் அப்புறமும் தட்டிக்கொண்டுதான் போனேன்.

இப்போது ஆர்ட்டிகிள்ஸ் இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது. பேப்பர்களும் குறைந்துவிட்டன. சில நிமிஷத்தில் போனிலேயே ரிசல்ட் பார்க்கிறார்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தட்டி, எப்போதுமே டேலி ஆகிற கணக்கைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். டேலி ஆகாமல் இருக்க அந்த மென்பொருள் விடாது. அதனால் எனக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மார்க் ஷீட் வந்த அன்று மாலை, பாசஞ்சரில் அதை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகர் போய்ச் சேர்ந்தேன். அம்மா அழுதாள். பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள். அப்பா மண்டியிலிருந்து வரும்வரை வாசலிலேயே இருந்தேன்.

"பாஸாயிட்டேன்ப்பா. எரநூத்தி பதினாறு."

சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பேனாவும், மண்டியின் எடைச் சீட்டு ஒன்றும் எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"எப்படி வந்துச்சு? தனித்தனியா சொல்லு."

அம்பத்தி நாலு. நாப்பத்தி ஏழு. அறுவத்தி ஒண்ணு. அம்பத்தி நாலு. சீட்டின் பின்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். உதட்டை அசைத்துக் கூட்டினார். 216 என்று எழுதி, அதன் கீழே அடிக்கோல் இல்லாமலே நேராக இரட்டைக் கோடு போட்டார்.